கரையூர் நத்தாரும் பலகாரத் தட்டும்: சிக்கனத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வரலாற்றாசிரியன் ஆவணங்களைப் பின்பற்றிச் செல்பவன். ஆவணம் இல்லாத இடத்தில் அவனுடைய கால் தயங்குகின்றது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் தோம்புகளிலே காணிகளையும் அவற்றின் உரித்தாளரையும் இறுக்கவேண்டிய வரிகளையும் எழுதிவைத்தனர். அவர்களுக்குப் பின்வந்த ஆங்கிலேயர் குடித்தொகையையும் ஏற்றுமதியையும் எண்ணிவைத்தனர். ஆயின், மழைக்கால மாலைப்பொழுதொன்றில் வெள்ளைத் துணியால் மூடிய பலகாரத் தட்டு ஒரு வீட்டுப் படலையைத் தாண்டி மறுவீட்டுப் படலைக்குச் சென்றதை எந்தத் தோம்பும் பதிவு செய்யவில்லை. அத்தட்டின் வரலாற்றை எழுத முடியுமா என்பதே இக்கட்டுரையின் வினா. முழுமையாக எழுத முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நேர்மை. எனினும் சொற்களும் பருவங்களும் பொருள்களும் தரும் சான்றுகளைக் கொண்டு அதன் போக்கை ஓரளவு அறியலாம்.

பண்டிகைக்கு வீட்டிலேயே செய்து கொடுக்கப்படும் பரிசுகளைப்பற்றி இன்று பேசுவோர் இருவகையினர். ஒருசாரார் அவற்றை வறுமையின் அடையாளமெனக் கருதி ஒதுக்குவர். மறுசாரார் எளிமையின் அறமென்று போற்றி, பழங்காலம் முழுவதையும் பொன்முலாம் பூசிக் காட்டுவர். குருநகரின் வரலாறு இவ்விரு கூற்றுகளையும் மறுக்கின்றது. அங்கே வீட்டுப் பலகாரம் எவரெவர் ஒருவருக்கொருவர் வேண்டியவர் என்பதைக் குறித்துவைக்கும் ஏடாகப் பயன்பட்டது. அவ்வேட்டில் எழுதப்பட்ட பெயர்களைப் போலவே எழுதப்படாது விடப்பட்ட பெயர்களும் கவனத்துக்குரியன.

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடனீரேரியை நோக்கி அமைந்திருக்கும் குருநகர் முன்னாளில் கரையூர் எனப்பட்டது. கடற்றொழிலே வாழ்வாகக் கொண்ட கத்தோலிக்க மக்களின் ஊர் அது. புனித யாகப்பர் ஆலயம் அதன் நடுநாயகமாக விளங்குகின்றது. யூலை 25ஆந் திகதி வரும் யாகப்பர் திருநாள் ஊரின் பெருவிழாவாகும். நத்தாரோ வீட்டின் விழா. இவ்வேறுபாடு எமது பொருளுக்கு இன்றியமையாதது.

முதலில் சொற்களைக் கவனிப்போம். கிறிஸ்து பிறப்பு விழாவை ஈழத்தமிழர் நத்தார் என்பர். இது போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்ற சொல்லின் திரிபு. பலகாரம் பொரிக்கப்படும் குசினி, விருந்தாளி அமரும் கதிரை, தட்டு வைக்கப்படும் மேசை, நல்ல பீங்கான்கள் பூட்டிவைக்கப்படும் அலுமாரி, காலையில் உண்ணப்படும் பாண் ஆகியனவும் அம்மொழி தந்தவையே. தட்டிலுள்ள கொக்கிஸ், சிறு அப்பங்களைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லின் வழி வந்தது. தொதல் மலாய் நாட்டிலிருந்து கப்பலேறியது. இவற்றோடு பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் முறுக்கும் நிறையத் தமிழாகவே அருகில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தின் அரசியல் வரலாற்றை அறிய விரும்பும் மாணவன் ஒரு நத்தார்த் தட்டை நன்றாகப் பார்த்தாற் போதும் என்று நான் சொன்னால் அது வெறும் வேடிக்கை அன்று. வென்றவன் கோட்டை கட்டினான். அவனுடைய பலகாரத்தை ஊர்ப்பெண்கள் அரிசிமாவாலும் தேங்காய்ப்பாலாலும் தமக்குரியதாக மாற்றிக்கொண்டனர்.

நத்தார் வீட்டின் விழாவாக அமைந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணத்தையும் சுட்டலாம். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர்; கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது; ஆலயங்கள் புரட்டஸ்தாந்து சபையின் கைக்கு மாறின. 1687இல் கோவையிலிருந்து, அதாவது கோவா நாட்டிலிருந்து, பிச்சைக்காரக் கோலத்தில் வந்துசேர்ந்த யோசே வாஸ் அடிகள் இரவு வேளைகளில் வீடுகளிலேயே பூசை நிகழ்த்தினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே பூசைக்காகக் கூடியிருந்த யாழ்ப்பாணக் கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படையினர் சூழ்ந்துகொண்டு ஏறத்தாழ 300 பேரைக் கைதுசெய்தனர் எனச் சமய வரலாற்று நூல்கள் கூறும். வாஸ் அடிகள் அகப்படவில்லை. 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது இந்நிகழ்ச்சி மீண்டும் பலராலும் நினைவுகூரப்பட்டது. ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கருக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளை நீக்கும்வரை, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு காலம், இம்மக்களுக்கு வீடே கோயிலாக இருந்தது. மணியோசையும் ஊர்வலமும் இல்லாத அந்நாள்களில் நத்தார் எவ்வாறு கொண்டாடப்பட்டிருக்கும்? கதவடைத்த வீட்டினுள் ஒரு விளக்கும், ஒரு செபமும், பகிர்ந்துண்ண ஏதோ சிறிது பண்டமும். இது என் ஊகமே. ஆயினும் பிற்காலத்து நத்தாரில் வீட்டுக்குள்ள முதன்மையை நோக்கும்போது இவ்வூகம் பிழையெனத் தோன்றவில்லை.

அடுத்து, பருவத்தின் சான்று. ஐரோப்பாவில் நத்தார் பனிக்காலத்தில், அறுவடை களஞ்சியம் சேர்ந்த பின்னர் வருகின்றது. குருநகரிலோ அது வடகீழ்ப் பருவமழையின் நடுவே, வாடைக்காற்று வீசி ஆழ்கடல் கொந்தளிக்கும் நாள்களில் வருகின்றது. கடனீரேரி ஓரளவு அடைக்கலம் தருமாயினும், புயற்சின்னம் தோன்றும் நாள்களில் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்கும் குடும்பத்துக்கு வரவு நிச்சயமற்றிருக்கும் மாதத்திலேதான் ஆண்டின் பெருஞ்செலவு வந்து வாய்க்கின்றது. ஆகவே நத்தார்ப் பரிசு என்பது கோடைகாலத்திலேயே தொடங்கும் முன்னேற்பாடு.

பனைக்கு இதிற் பெரும்பங்கு உண்டு. பதனீரைக் காய்ச்சி ஊற்றிய பனங்கட்டி, ஓலையால் இழைத்த குட்டான்களிலே மாதக்கணக்காகக் கெடாதிருக்கும். பனம்பழக் காலத்தில் அதன் களியைப் பாயிற் பரப்பி வெயிலிற் காயவைத்துப் பனாட்டு ஆக்குவர். அதைத் துண்டுகளாக வெட்டிப் பாணியில் ஊறவிட்டால் பாணிப் பனாட்டு. இதுபோன்ற இனிமை உடைய பண்டம் எந்தக் கடையிலும் விற்கப்பட்டதாக நான் அறியேன். கடற்கரை ஊராகிய குருநகர் இவற்றை உட்பகுதிக் கிராமங்களிலிருந்து பெற்றது. அதற்குத் தந்தது மீனும் கருவாடும். காசு இடையிற் புகாமலே நடந்த இத்தகைய மாற்றுகளும் உண்டு, காசுக்கு நடந்தனவும் உண்டு. மூடற்பெட்டி, கொட்டப்பெட்டி, நீற்றுப்பெட்டி, சுளகு, கடகம் என ஓலையால் இழைத்த பொருள்களே கொடுக்கும் பண்டத்தைத் தாங்கும் கலமாகவும், சிலவேளைகளில் தாமே பரிசாகவும் அமைந்தன. சுற்றுத்தாளைக் கிழித்தெறியும் இன்றைய வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். பெட்டியைப் பெற்றவள் அதனை அடுத்த பல ஆண்டுகள் பயன்படுத்துவாள்.

பணத்தின் சேமிப்பும் இவ்வாறே சிறுகச் சிறுக நடந்தது. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை வேறு பானையில் எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கம் தமிழ்ப் பெண்களிடையே பரவலாக இருந்தது. கோயிலுக்கும் பள்ளிக்கும் ஏழைக்கும் அது உதவியிருக்கின்றது. பெண்கள் தமக்குள் சீட்டுப் பிடித்து, தமது முறை மார்கழிக்கு முன் வரவேண்டுமென்று வேண்டிக்கொள்வதும் உண்டு. பொருளியல் பாடநூல்கள் மூலதனவாக்கம் என்று எதனைச் சொல்கின்றனவோ அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பாடநூலை எழுதியவர்கள் குசினிக்குட் செல்லாமையால் இதனைக் காணவில்லை.

நத்தாருக்கு முந்திய வாரத்தில் வீட்டின் ஒழுங்கே மாறிவிடும். பயற்றை வறுத்து மாவாக்கி, வறுத்த தேங்காய்ப்பூவும் சர்க்கரைப் பாகும் ஏலமும் மிளகும் கூட்டி உருட்டிவைப்பர். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலிற் கரைத்து உருண்டைகளை அதில் தோய்த்து எண்ணெயில் விடுவர். மா இடிப்பதற்கு ஒருத்தி, அரிப்பதற்கு ஒருத்தி, தாச்சியின் அருகே கைதேர்ந்த மூத்தவள் ஒருத்தி என்று வேலை பகிரப்படும். பெரியம்மாவும் குஞ்சியம்மாவும் அயல்வீட்டாரும் வந்து கூடுவர். இன்று எங்கள் வீடு, நாளை உங்கள் வீடு என்பது எழுதப்படாத ஒப்பந்தம். முதலில் உடைந்த பணியாரம் பிள்ளைகளுக்கு உரியது. வேண்டுமென்றே ஒன்றிரண்டு உடைந்துபோவதும் உண்டு. வெளியே மழை, உள்ளே அடுப்பின் சூடு, பேச்சும் சிரிப்பும், செத்தவர்களைப் பற்றிய சிறு கண்ணீரும். இல்வாழ்வின் எளிய இன்பம் என்று எதையாவது நான் சுட்டவேண்டுமாயின் தின்பதைக் காட்டிலும் இந்தச் செய்தலையே சுட்டுவேன். ஆனால் இந்த இன்பம் பெரும்பாலும் பெண்களின் முதுகுவலியால் விளைந்தது என்பதையும் மறைத்தலாகாது. வீட்டிற் செய்தால் செலவில்லை என்று ஆண்கள் கூறிய கணக்கில் பெண்களின் உழைப்புக்கு விலை குறிக்கப்பட்டிருக்கவில்லை.

தையலும் இத்தகையதே. உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையும், 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியர் நடத்திய பாடசாலைகளும் ஊசிவேலையைப் பெண்கல்வியின் ஒரு கூறாக்கின. ஓரத்திற் பூவேலை செய்த கைக்குட்டையும் பெயரின் முதலெழுத்துத் தைத்த தலையணை உறையும் நத்தார்ப் பரிசாயின. புத்தாடையில் மிஞ்சிய துணித்துண்டு தங்கைக்குப் பாவைப்பிள்ளையாயிற்று.

பிள்ளைகளின் பங்கு பாலன் குடிலும் வெளிச்சக்கூடும். 1223இல் அசிசிப் பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சியோவில் அமைத்த குடிலே இவ்வழக்கத்தின் முன்மாதிரி என்பர். குருநகர்ச் சிறுவர்க்கு அது வைக்கோலும் களிமண்ணும் பசைதடவிய கடதாசி மலையுமாகும். தகரப் பேணியில் நெல்லையோ பயற்றையோ முன்கூட்டியே முளைக்கவைத்தால் பெத்லகேமுக்குப் புல்வெளி கிடைத்துவிடும். மூங்கிற் சிம்பும் மெல்லிய நிறக்கடதாசியும் கோதுமைமாப் பசையும் கொண்டு கட்டிய நட்சத்திரத்தினுள் விளக்கேற்றி உயரத்தில் தூக்குவர். யாருடைய நட்சத்திரம் மழைக்குத் தப்பியது என்பது மறுநாட் பேச்சு. பூவரசமிலைப் பீப்பியும் ஓலைக் கிலுகிலுப்பையும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் விளையாட்டுப்பொருள்கள். அவற்றைப் பரிசென்று எவரும் சொல்லமாட்டார்.

இனி, தட்டின் பயணம். பூசை முடிந்து வந்தபின் தட்டுகள் புறப்படும். எந்த வீட்டுக்கு எத்தனை பணியாரம், எங்கே கேக் துண்டு வைக்கவேண்டும், எங்கே வாழைப்பழம் சேர்க்கவேண்டும் என்பதெல்லாம் வீட்டுத் தலைவியின் மனத்திலே இருக்கும். சென்ற தட்டு வெறுமையாய்த் திரும்புவதில்லை. ஒன்றுமில்லையாயின் ஒரு பிடி சீனியாவது இடப்படும். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்விலே கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்று கடப்பாடுகளைக் காட்டினார். அவர் பயன்படுத்திய சான்றுகளுள் ஒன்று, மலினோவ்ஸ்கி 1922இல் விபரித்த திரோபிரியந்துத் தீவினரின் சிப்பிமாலைப் பரிமாற்றமாகும். அவர்களும் கடலோடிகளே. குருநகர்ப் பெண் மோசைப் படித்ததில்லை. ஆனால் தட்டு திரும்பாவிட்டால் உறவில் ஏதோ முறிந்துவிட்டது என்பதை நன்கறிவாள். கோபித்துக்கொண்ட இரு குடும்பங்கள் சமாதானப்படுவதற்கு நத்தார்த் தட்டைவிட வாய்ப்பான தூது வேறில்லை. மன்னிப்புக் கேட்கும் சொல்லை ஒருவரும் உச்சரிக்கவேண்டியதில்லை. பிள்ளையின் கையில் தட்டைக் கொடுத்தனுப்பினாற் போதும்.

சைவ அயலார் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அனுப்பினர். கத்தோலிக்கர் நத்தாருக்கு அனுப்பினர். நகரின் மறுபுறத்துச் சோனகதெரு முஸ்லிம் நண்பர்களின் பெருநாள் வட்டிலப்பம் பல வீடுகளில் எதிர்பார்க்கப்பட்ட பண்டமாகும். ஆயின் தட்டு எல்லாப் படலையையும் தாண்டியதில்லை. சமைத்த உணவை யார் கையிலிருந்து யார் ஏற்பது என்பதை யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு வகுத்திருந்தது. ஏற்க விரும்பாதவரிடம் பலகாரத்துக்குப் பதிலாகப் பழமும் சீனியும் அரிசியும் சென்றன. அதாவது, சமைக்காத பொருளுக்குத் தீட்டில்லை என்ற ஏற்பாடு. தேவாலயத்தினுள்ளேயும் சாதிக்கேற்ற இருக்கைகள் ஒருகாலத்தில் இருந்தன. 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாசலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நாம் வரலாற்றுப் பாடமாகப் படிக்கின்றோம். பலகாரத் தட்டின் பாதையை வரைந்து பார்த்தால் அதே எல்லைக்கோடுகள் குசினிவரை ஓடியிருந்தமை தெரியவரும். பழைய நாள்களின் அயலுறவைப் பாராட்டுவோர் இதனை ஏனோ எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழக்கம் கடுஞ்சோதனைகளுக்கு உள்ளாயிற்று. 1970 முதல் 1977 வரை ஆட்சிசெய்த ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பாணுக்கும் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். சீனி பங்கீட்டுக்கு உட்பட்டது. கேக்குக்கு வேண்டிய உலர்பழங்கள் அரிதானபோது பூசணிப் பாகும் இஞ்சிப் பாகும் அவற்றின் இடத்தைப் பெற்றன. மிளகாய், வெங்காய இறக்குமதி தடைப்பட்டமையால் தோட்டச்செய்கையாளர் வளம்பெற்றதும், 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரத்தால் அவர்கள் நலிந்ததும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. கடற்றொழிலாளியின் நிலை வேறு. நைலோன் வலையும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்தபின் அவன் இறக்குமதியையே நம்பவேண்டியவனானான். நோர்வே உதவியுடன் உருவான சீநோர் நிறுவனத்தின் வலைத் தொழிற்சாலை குருநகரிலே அமைந்தது. முன்னர் வீட்டுத் திண்ணையிற் கையாற் பின்னப்பட்டது தொழிற்சாலைப் பொருளாயிற்று. அதனால் வாழ்க்கை இலகுவானது. அதைக்குறித்து வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

அதன்பின் வந்தது போர். 1986 யூன் 10ஆந் திகதி மண்டைதீவுக் கடலில் தொழில்செய்துகொண்டிருந்த குருநகர் மீனவர் 30 பேருக்கு மேல் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு நத்தாரின்போது எத்தனை வீடுகளில் தாச்சி அடுப்பேறாதிருந்திருக்கும் என எண்ணிப்பார்க்கலாம். துக்க வீட்டில் பலகாரம் சுடுவதில்லை. உறவினரே கொண்டுவந்து கொடுப்பர். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம் முதலியன தடைப்பட்டன. அந்நாள்களில் யாழ்ப்பாணம் கண்டுபிடித்த ஜாம் போத்தல் விளக்கைப் பலரும் அறிவர். போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அது உறிஞ்சிய சிறிதளவு மண்ணெண்ணெயைக் கொண்டே ஒரு திரியை நெடுநேரம் எரியவிடும் உபாயம் அது. அந்த வெளிச்சத்திலே ஒரு தலைமுறை படித்தது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பனம்பழக் களியால் துணி துவைத்தனர்.

இவற்றையும் சிக்கனம் என்று பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கோடையில் பனங்கட்டி சேர்த்துவைத்த பெண் மார்கழியை நோக்கித் தானே திட்டமிட்டாள்; ஜாம் போத்தலில் திரியிட்டவள் பிறர் விதித்த இருளில் வழி தேடினாள். கைத்திறன் இரண்டிலும் ஒன்றே. முன்னையதில் கொடுப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. பின்னையதில் ஒதுக்குவதற்கே ஒன்றும் எஞ்சவில்லை. இவ்வேறுபாட்டை மறந்து, தடையின்கீழ் வாழ்ந்த மக்களின் சமாளிப்பைப் புகழ்வது தடைவிதித்தோரின் பொறுப்பை மறைப்பதில் முடியும்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஆயுதங்களும் எல்லைகளும் பற்றிய வரலாறுகளில் இது இடம்பெறுகின்றது. எமது சிறு வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு: அந்த நத்தாருக்குச் சோனகதெருவுக்குச் செல்லவேண்டிய தட்டுகள் செல்லவில்லை, பின்னர் வந்த பெருநாளுக்கு வட்டிலப்பமும் வரவில்லை. 1993 நவம்பர் 13ஆந் திகதி புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகிப் பலர் உயிரிழந்தனர். நத்தாருக்கு ஆறு வாரங்களே இருந்தன. கோயில் சிதைந்த அவ்வாண்டில் நத்தார் மீண்டும் வீட்டுக்குள் ஒடுங்கியது. ஒல்லாந்தர் காலத்தை நினைவுகூர்ந்தோர் சிலரேனும் இருந்திருப்பர். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின் பின்னர் குருநகரின் வீடுகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தன. அவ்வாண்டு நத்தார் தென்மராட்சியிலும் வன்னியிலும் பிறர் வீட்டு விறாந்தைகளிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் கழிந்தது.

ஆலயம் பின்னர் சீர்பெற்றது. மக்களும் திரும்பினர், எல்லோரும் அல்லர். பாரிஸ், இலண்டன், தொரொன்ரோ நகரங்களில் வாழும் குருநகரார் தொகை இன்று சிறிதன்று. 2009இல் போர் முடிந்து தரைவழி திறந்தபின் கடைகளில் எல்லாம் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து சொக்கிலேற்றுப் பெட்டிகள் வந்திறங்குகின்றன. வீட்டுப் பலகாரம் இனிப் பழங்கதை என்று எண்ணியிருந்தபோது 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையில் நின்றன. எரிவாயு இன்றி விறகடுப்பு மீண்டது. அம்மம்மாமாரிடம் பழைய அளவுகளை மறுபடி கேட்டறியவேண்டியதாயிற்று.

எதிர்த்திசைப் பயணமும் குறிப்பிடத்தக்கது. விடுமுறைக்கு வந்து திரும்பும் உறவினரின் பயணப்பெட்டியில் இன்று இடம்பெறுவன எவை? வீட்டில் வறுத்திடித்த மிளகாய்த்தூள், ஒடியல், குட்டானிற் பனங்கட்டி, மணம் வெளிவராதபடி பல உறைகளுட் சுற்றிய கருவாடு, பயற்றம் பணியாரம். நிறை கூடிவிட்டால் விமான நிலையத் தராசின் முன் பெட்டியைத் திறந்து எதையாவது வெளியே எடுக்கவேண்டிவரும். அப்போது பெரும்பாலும் வெளியே எடுக்கப்படுவது கடையில் வாங்கிய சேலையாகவே இருக்கும். பணியாரப் பேணி மீண்டும் உள்ளே வைக்கப்படும்; ஏனெனில் அது இன்னாருக்கு என்று பெயர்சொல்லிக் கொடுத்தனுப்பப்பட்டது.